ஜெனரலுக்கு ஒரு கதிரை

2011 ஓகஸ்ட் 16, செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி. பாதுகாப்புக் கோரிக்கைகள் மறுநோக்குச் சபை, சிட்னி அலுவலகம், மூன்றாம் மாடி, நான்காம் இலக்க அறை. சமுகமளித்தோர் பின்வருமாறு.

நீள்வட்ட மேசையின் தலைமாட்டில் தலைமை உறுப்பினர். அவருக்கு இடப்புறம் மொழிபெயர்ப்பாளர் யோகராணி. வலப்புறம் மூல ஆவண அலுவலர், அவர் முன்னால் பச்சை ஸ்டிக்கர் ஒட்டிய ஒன்பது கோப்புகள். மேசையின் கால்மாட்டில், கதவை ஒட்டினாற்போல், குடிவரவு முகவர் வெங்கட்ராமனும் அவருக்குப் பக்கத்தில் விண்ணப்பதாரரின் மாமா மீரா முகைதீனும். விண்ணப்பதாரர் ஸஃப்வானுக்குக் கதிரை இல்லை. அவன் வில்லாவுட் தடுப்பு நிலையத்திலிருந்து சபையின் டீவியில் வந்தான். அந்த டீவி படத்தின் கீழ்ப்பாதியை வெட்டிவிடும் சுபாவம் உடையதால் அவன் மூக்குக்கு மேலேதான் தெரிந்தான். வாய் தெரியவில்லை.

மூல ஆவண அலுவலருக்கு அடுத்ததாக, சன்னல் வெளிச்சம் விழுகிற நல்ல இடத்தில், கைபிடி வைத்த கதிரை ஒன்று வெறுமையாக இருந்தது. அதன் முன்னால் ஒரு கிளாஸ் தண்ணீர், ஒரு பேனை, நான்கு வெள்ளைத் தாள், ஒரு பெயர் அட்டை. அட்டையில் ‘ஜெனரல் சர் தியோடர் கிராம்ப்டன்’ என்று அச்சிட்டிருந்தது. ஜெனரல் 1811ஆம் ஆண்டே காலமாகிவிட்டார். ஆனால் முறைப்படி அழைப்புக் கடிதம் போயிருந்தது. வர இயலாது என்று அவர் அறிவிக்கவில்லை.

வாசல் உத்தியோகத்தர் கதவைத் திறந்து நடைவழியில் ஜெனரலின் பெயரை மூன்று முறை கூப்பிட்டார். மூன்று முறையும் மீரா முகைதீன் திரும்பிப் பார்த்தார். அரச கந்தோரில் இருபத்திரண்டு வருடம் இருந்தவர் அவர். பெயர் கூப்பிட்டால் யாராவது வந்தே தீருவார்கள் என்பது உடம்பில் ஊறிப்போன விஷயம்.

மீரா முகைதீன் இலங்கையின் மூதூர்க்காரர். அங்கே எழுதுவினைஞராகச் சேர்ந்து தலைமை எழுதுவினைஞராக உயர்ந்தவர். சிட்னியின் கிரவீனுக்கு வந்து பத்து வருடமாகிறது. பண்டகசாலை ஒன்றில் பெட்டிகளுக்கு முகவரி ஒட்டுகிற வேலை. ஆனால் அந்தக் கைப்பழக்கம் போகவில்லை. பக்கத்து வீட்டு நாய் குரைத்தால்கூடத் திகதியிட்டு, இலக்கமிட்டு, பிரதி ஒன்றைக் கோப்பில் போட்டுவிட்டுத்தான் மூலப்பிரதியை வேலிக்கு மேலால் நீட்டுவார்.

ஸஃப்வான் அவருடைய தங்கை ஷம்லாவின் இளைய மகன். மூத்தவன் அஸ்ஹானை 2009 கடைசியில் சந்தைக்குப் போகிற வழியில் யாரோ ஒரு வான் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவன் திரும்பி வரவில்லை. வானின் இலக்கத்தை ஸஃப்வான் பார்த்திருந்தான். ஊரில் எல்லாரும் வாயைப் பொத்திக்கொண்டு இருக்கச் சொன்னார்கள். மாமா மட்டும் கிரவீனிலிருந்து தொலைபேசியில் முறைப்பாடு எழுதிக் கொடு என்றார். என்றதோடு விடவில்லை; வரி வரியாகச் சொல்லிக் கொடுத்தார். வானின் இலக்கத்தைப் பெரிய எழுத்தில் எழுதி அடிக்கோடிட வேண்டும், மூன்று அலுவலகத்துக்கு மூன்று பிரதி. மூன்று கிழமை கழித்து ஸஃப்வானைத் தேடி வீட்டுக்கு வந்தவர்களில் ஒருவனின் கையில் மூன்றாவது பிரதி இருந்தது. ஸஃப்வான் பின்மதிலால் பாய்ந்து ஓடினான். அந்த ஓட்டம் படகேறி, கிறிஸ்மஸ் தீவில் இறங்கி, வில்லாவுட்டில் வந்து நின்றது. முறைப்பாட்டைத் தன் யோசனையில் எழுதியதாகவே அவன் சபைக்குச் சொல்லியிருந்தான். யார் எழுதச் சொன்னது என்று சபை கேட்கவில்லை. மீரா முகைதீன் சொல்லவும் இல்லை.

குடிவரவுத் திணைக்களம் அவனுடைய கோரிக்கையை ஏற்கனவே மறுத்துவிட்டது. சபையும் மறுத்தால் அடுத்தது விமானம்தான். ஆகவே வெங்கட்ராமன் பத்து இணைப்புகளைக் கேட்டு வாங்கி மேன்முறையீடு எழுதினார். அதைத் தபாலில் சேர்க்கும் பொறுப்பை மீரா முகைதீன் எடுத்துக்கொண்டார். சேர்ப்பதற்கு முன்னால் தன் யோசனைப்படி பதினோராவது இணைப்பு ஒன்றையும் வைத்தார்.

அது குடும்பத்துப் பத்திரம். இருநூறு வருடத்துக்கு முன்னால், மூதூரை ஒட்டிய கொட்டியாரக் குடாவில் நங்கூரமிட்ட ஆங்கிலக் கப்பலுக்குக் கோழியும் எலுமிச்சங்காயும் கொண்டுபோய்க் கொடுத்தவர், படகுத் தலைவரான மீரா லெப்பைத் தண்டயல். கோழி நன்றாக இருந்ததில் கப்பலில் இருந்த ஜெனரலுக்குத் திருப்தி. ‘இதைக் கொண்டுவரும் மீரா லெப்பையும் அவர் வழிவந்தோரும் என் பாதுகாப்பில் உள்ளவர்கள். அவர்களை எவரும் தொந்தரவு செய்யலாகாது’ என்று எழுதி, கையொப்பமிட்டு, சிவப்பு அரக்கில் முத்திரை பதித்துக் கொடுத்தார். அந்தக் குடும்பத்தில் பிள்ளைக்குப் பெயர் வைத்தாலும் நிக்காஹ் எழுதினாலும் பத்திரத்தை வெளியே எடுத்து ஒருமுறை எல்லாரும் பார்ப்பார்கள். இவ்வளவு பெரிய முத்திரையை வெள்ளைக்காரர்களின் சபை தட்டுமா என்று நினைத்தார் மீரா முகைதீன்.

சபை தட்டவில்லை. அதுதான் வினையாகப் போயிற்று.

ஜூன் மாதம் சபையிலிருந்து கடிதம் வந்தது. இணைப்பு 11ஐ மிகுந்த ஆர்வத்துடன் பரிசீலித்ததாகத் தொடங்கியது. விண்ணப்பதாரரின் குடும்பத்துக்கு அவர்களுடைய சொந்த ஊரிலேயே ஏற்கனவே பாதுகாப்பு வழங்கப்பட்டிருக்கிறது. பத்திரத்தில் முடிவுத் திகதி இல்லை. ஒருவர் இரண்டு இடத்தில் பாதுகாப்புப் பெறுவதை விதி அனுமதிப்பதில்லை. மேலும், மேற்படி ஜெனரல் அந்தக் கரையோரத்தின் நிலைமை பற்றி 1796இல் எழுதிய அறிக்கை சபையின் நூலகத்தில் இருப்பது இப்போது கண்டெடுக்கப்பட்டு, அதற்குப் பச்சை ஸ்டிக்கர் ஒட்டப்பட்டிருக்கிறது. பச்சை என்றால் நடைமுறையில் உள்ளது என்று பொருள்.

வெங்கட்ராமன் கடிதத்தைப் படித்துவிட்டு நெற்றியைத் தேய்த்தார். கும்பகோணத்துக்காரர், சத்தம் போட்டுப் பேசத் தெரியாதவர்.

“பாய், நான் பத்துதானே கேட்டேன்? இத யாரு வைக்கச் சொன்னா?”

“சீல் இருந்திச்சு தம்பி,” என்றார் மீரா முகைதீன். “சீல் வெச்ச கடதாசிய எப்பிடித் தம்பி வெளிய விடுற?”

செய்த பிழையைத் திருத்த அவருக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். பெண்டில் ஹில்லில் ரயிலேறி, மக்குவாரி வீதி நூலகத்துக்குப் போய், ஐந்து சனிக்கிழமை உட்கார்ந்து ஜெனரலின் வாழ்க்கை வரலாற்றைப் படித்து முடித்தார். அதை எழுதியவர் ஜெனரலின் மருமகன். மாமாவின் பெருமையை அறுநூறு பக்கத்துக்கு எழுதியிருந்தார்.

ஜெனரலின் உத்தியோக வாழ்வு இப்படிப் போயிருந்தது. பதினாறு வயதில் தகப்பன் அவருக்கு ஒரு பதவியை வாங்கிக் கொடுத்தார். அமெரிக்காவில் அறுநூறு பேருடன் சண்டைக்குப் புறப்பட்டவர் வழிதவறி, சண்டை முடிந்து மூன்றாம் நாள் போய்ச் சேர்ந்தார். அவருடைய படையில் ஒருவருக்கும் கீறல்கூட விழவில்லை என்பதால் ஆளணியைப் பேணுவதில் வல்லவர் என்று கேணலாக்கினார்கள். மேற்கிந்தியத் தீவொன்றுக்கு ஆளுநராகப் போய் அதைப் பிரெஞ்சுக்காரரிடம் பறிகொடுத்தார். தீவு எப்படிப் பறிபோகும் என்பதை நேரில் கண்டவர் அவர் ஒருவரே ஆகையால் அடுத்த தீவுக்கு ஆலோசகராக்கி, சர் பட்டமும் கொடுத்தார்கள். கடைசியில் கொட்டியாரக் கரையோரத்தைப் பதினொரு மாதம் நிர்வகித்தார். அந்தப் பதினொரு மாதமும் அவருக்குக் காலில் கீல்வாதம். சிறு வள்ளத்தில் இறங்கக்கூடாது என்று வைத்தியர் சொல்லிவிட்டார். ஆகவே ஒருநாளும் கரையில் கால் வைக்கவில்லை. காலை ஆகாரத்துக்குப் பிறகு கப்பல் தளத்தில் கதிரை போட்டு அமர்ந்து, அரை மணி நேரம் தொலைநோக்கியால் கரையைப் பார்ப்பார். பிறகு அறிக்கை எழுதுவார்.

அந்த இடத்தை மீரா முகைதீன் இரண்டு முறை படித்தார். ஜெனரல் இறங்கவே இல்லை. பக்க இலக்கத்தைக் குறித்துக்கொண்டார். பிள்ளை தப்பிவிட்டான் என்றே நினைத்தார்.

இந்த நம்பிக்கையோடுதான் அவர் ஓகஸ்ட் பதினாறாம் திகதி, நோன்போடு, கதவோரக் கதிரையில் உட்கார்ந்திருந்தார்.

தலைமை உறுப்பினர் நல்ல மனிதர். குரலை உயர்த்துவதில்லை, மேசையில் எல்லாருக்கும் எட்டுகிற இடத்தில் கடதாசிக் கைக்குட்டைப் பெட்டி வைத்திருந்தார். முதலில் ஜெனரலின் அறிக்கையை வாசித்தார். விதிப்படி யோகராணி ஒவ்வொரு சொல்லையும் தமிழாக்கினார். யார் ‘நான்’ என்றாலும் அவரும் ‘நான்’ என்றுதான் சொல்ல வேண்டும். அதனால் சிறிது நேரம் யாழ்ப்பாணத்துப் பெண்மணி ஒருவர் ஜெனரலாக இருந்தார்.

“நான் இன்று காலையும் கரையைக் கவனித்தேன். பெண்கள் மீன் உலர்த்துகிறார்கள். ஆண்கள் வலையைப் பார்க்கிறார்கள். எவரும் ஓடுவதாகத் தெரியவில்லை. ஆகவே குடிகள் நிம்மதியாக உள்ளனர்.”

டீவியில் ஸஃப்வானின் கண்கள் அசையாமல் இருந்தன.

மூல ஆவண அலுவலர் எழுந்து கொட்டியாரக் குடாவின் படத்தை மேசையில் விரித்தார். நான்கு மூலையிலும் கனம் வைக்க வேண்டியிருந்தது. மூன்று மூலைக்குக் கோப்புகளை வைத்தார்; நாலாவதற்கு ஜெனரலின் கிளாஸை எடுத்தவர், மன்னிப்புக் கேட்பதுபோல் வெற்றுக் கதிரையைப் பார்த்துவிட்டு அதைத் திரும்ப வைத்தார். அவருடைய கேள்வி எளிமையானது. விண்ணப்பதாரர் ஓடியதாகச் சொல்லும் குறுகிய ஒழுங்கைப் பாதை, கப்பல் நின்ற இடத்திலிருந்து தெரியுமா?

தெரியாது, இடையில் பள்ளிவாசல் இருக்கிறது என்றான் ஸஃப்வான்.

பள்ளிவாசல் 1796இல் இருந்ததா?

அது தனக்குத் தெரியாது என்றான்.

விண்ணப்பதாரர் தன் ஊரைப் பற்றியே போதிய அறிவில்லாதவர் என்று எழுதிக்கொண்டார்கள்.

வெங்கட்ராமன் தொண்டையைச் செருமிக்கொண்டு, மிகவும் தாழ்மையாக, அறிக்கை எழுதி இருநூற்றுப் பதினைந்து வருடமாகிவிட்டதைச் சுட்டிக்காட்டினார். மூல ஆவண அலுவலர் புண்படவில்லை. இந்தக் கேள்வியை எதிர்பார்த்திருந்தவர்போல் முகம் மலர்ந்தது. யோகராணியின் குரலில் அவருடைய பதில் இப்படி வந்தது.

“உயிரோடு இருக்கிறவர்களின் அறிக்கைகளால் எங்களுக்குப் பெரிய தொல்லை. போன வருடம் பாதுகாப்பு என்பார்கள், இந்த வருடம் இல்லை என்பார்கள், திருத்தம் அனுப்புவார்கள். இறந்தவர்கள் கருத்தை மாற்றுவதில்லை. ஆகவே நம்பகத்தன்மையில் அவர்களுக்கே முதலிடம் கொடுக்கிறோம். எழுதியவர் விலக்கிக்கொள்ளும்வரை பச்சை பச்சைதான்.”

அப்போதுதான் மீரா முகைதீன் கையை உயர்த்தினார். பள்ளிக்கூடத்தில் உயர்த்துவதுபோல, விரலை மட்டும். பேச அனுமதி கிடைத்ததும் எழுந்து நின்று, பக்க இலக்கத்தோடு சொன்னார். இந்த ஜெனரல் துரை எங்கள் ஊரில் இறங்கவே இல்லை. பதினொரு மாதமும் கப்பலிலேயே இருந்தார். இறங்காத மனிதரின் அறிக்கையைச் சபை ஏற்கலாகாது.

தலைமை உறுப்பினர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு நிதானமாகப் பேசினார். யோகராணியும் நிதானமாகச் சொன்னார்.

“நான் இந்தச் சபையில் பதினொரு வருடமாக இருக்கிறேன். அந்தக் கரையோரத்திலிருந்து வந்த நானூறு பேரின் கதையைத் தீர்த்திருக்கிறேன். நானும் அங்கே இறங்கியதில்லை. இங்கே ஒருவரும் இறங்கியதில்லை. இறங்கினால் பக்கச்சார்பு வந்துவிடும். ஜெனரலாவது தொலைநோக்கியால் பார்த்தார். உங்கள் வாதத்தை ஏற்றால், ஐயா, எங்கள் தீர்ப்பு ஒன்றுகூட நிற்காது. அதை நீங்கள் விரும்பமாட்டீர்கள் என்று நம்புகிறேன்.”

விரும்புவதாகச் சொல்வது மரியாதையாக இராது என்பதால் மீரா முகைதீன் உட்கார்ந்துவிட்டார்.

பகல் இடைவேளையில் வாசல் உத்தியோகத்தர் வந்து ஜெனரலின் தண்ணீரை மாற்றினார்.

பிற்பகலில் உத்தரவு வந்தது. ஸஃப்வான் மீது சபைக்கு அனுதாபமே உண்டு. ஆனால் ஜெனரலின் பாதுகாப்பு இப்போது இல்லை என்று கொள்வதற்கு இரண்டில் ஒன்று நடக்க வேண்டும். வழங்கியவர் அதை எழுத்தில் விலக்கிக்கொள்ள வேண்டும். அல்லது, பெற்றவர்கள் அசல் பத்திரத்தை வழங்கியவரிடமே ஒப்படைக்க வேண்டும். இருபத்தெட்டு நாள் தவணை. ஜெனரல் பதிலே போடாவிட்டால் என்ன செய்வது என்று வெங்கட்ராமன் கேட்டார். மௌனம், அவர் தம் நிலைப்பாட்டில் உறுதியாக இருப்பதையே காட்டும் என்றார் தலைமை உறுப்பினர். ஒப்படைத்ததற்கு அத்தாட்சி? பதிவுத் தபால் ரசீது போதும், சபை மனிதாபிமானம் அற்றதல்ல. ஆனால் கடிதம் அனுப்பியவருக்கே திரும்பி வந்தால், பாதுகாப்பும் குடும்பத்துக்குத் திரும்பியதாகக் கொள்ளப்படும்.

டீவியை நிறுத்தும்போது ஸஃப்வான் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தான். வாய் தெரியாததால் யாரும் கவனிக்கவில்லை.

லிஃப்டில் யோகராணியும் அவர்களோடு இறங்கினார். சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். “நான் ஒண்டும் கதைக்கக்கூடாது அண்ணை. ஒப்பந்தத்தில இருக்கு,” என்றார். கீழ்த்தளம் வந்ததும், “நோன்போ?” என்று கேட்டார்.

“ஓம்.”

“அந்தாளின்ர தண்ணியை மாத்தினவங்கள்,” என்றார் யோகராணி. குடையை விரித்துக்கொண்டு போய்விட்டார்.

வீட்டில் மனைவி சுரையா நோன்பு திறக்கும்வரை பொறுத்திருந்தார். கஞ்சிக் கோப்பையை நீட்டியபோதுதான் கேட்டார். மீரா முகைதீன் ஒழுங்கு வரிசை தவறாமல், யார் எங்கே இருந்தார்கள் என்பதிலிருந்து சொன்னார்.

“செத்த வெள்ளக்காரனுக்குக் கதிர. நம்மட புள்ளைக்கு டீவி,” என்றார் சுரையா. “உங்கட கையெழுத்து முத்து முத்தா இருக்குமெண்டு ஊரே சொல்லும். அந்த முத்தாலதான் புள்ள அங்க கெடக்கான்,” என்றார்.

அவர் கோபத்தில் சொல்லவில்லை. கோபத்தில் சொல்லியிருந்தால் மீரா முகைதீனுக்குத் தாங்கியிருக்கும்.

சனிக்கிழமை வில்லாவுட்டுக்குப் போனார். பெயர் பதிந்து, கைப்பட்டி கட்டி, பிளாஸ்டிக் கதிரையில் எதிரும் புதிருமாக உட்கார்ந்தார்கள். ஸஃப்வானுக்கு வாய் இருந்தது. அதைப் பார்க்கவே அவருக்கு ஆறுதலாக இருந்தது. தாடி வளர்த்திருந்தான், கழுத்து மெலிந்திருந்தது. கோப்பைத் திறந்து, எடுக்கவேண்டிய அடுத்த நடவடிக்கைகளை விளக்கப் போனார். ஸஃப்வான் கோப்பின் மேல் கையை வைத்தான்.

“மாமா, எனக்காக இனி ஒண்டும் எழுத வாணாம்.”

அவர் அவனுடைய கையைப் பார்த்தார்.

“நீங்க எழுதச் சொன்னீங்கெண்டு நான் ஒருத்தருக்கும் சொல்லல்ல. சொல்லவும் மாட்டன். ஆனா எழுத வாணாம். ஒவ்வொரு கடதாசியும் என்னத் தேடித்தான் மாமா வருது.”

பார்வையாளர் நேரம் முடியும்வரை இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். ஷம்லாவுக்கு நீரிழிவு எப்படி இருக்கிறது என்று பேசினார்கள். அவர் கொண்டுவந்த பேரீச்சம்பழத்தை நோன்பு திறக்க அவன் எடுத்து வைத்துக்கொண்டான்.

ஒரு நாள் முழுக்க அவர் எழுதவில்லை. எழுதாமல் விட்டால் இருபத்தெட்டு நாளில் விமானம். எழுதினால் பிள்ளையின் சொல்லை மீறியதாகும். திங்கட்கிழமை வேலைக்கு லீவு சொல்லிவிட்டு, குசினி மேசையைத் துடைத்து, கடதாசியைப் போட்டு உட்கார்ந்தார். சுரையா மேசையிலிருந்த உப்புப் போத்தலை மட்டும் எடுத்து அப்பால் வைத்தார்.

‘ஜெனரல் சர் தியோடர் கிராம்ப்டன் அவர்கட்கு,

ஐயா, தாங்கள் எனது முன்னோர் மீரா லெப்பைத் தண்டயலுக்கு வழங்கிய பாதுகாப்புப் பத்திரத்தின் அசலை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். இது எங்களிடம் இருந்த காலத்தில் எங்கள் வீடு இரண்டு முறை எரிந்தது. ஒரு முறை கடல் வந்து கொண்டுபோனது. மூன்று முறையும் இந்தப் பத்திரத்தை முதலில் காப்பாற்றினோம். அதற்கு ஒரு சேதமும் இல்லை. தாங்கள் பரீட்சித்துக் கொள்ளலாம்.

கரையில் எவரும் ஓடவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். என் மருமகன் ஓடினான். அவனுடைய நானா அஸ்ஹானுக்கு ஓடுவதற்கு நேரம் கிடைக்கவில்லை. வானின் இலக்கத்தை எழுதிக் கொடுக்கும்படி அவனுக்குச் சொன்னவன் நான். இதை நான் சபைக்குச் சொல்லவில்லை. அவர்கள் கேட்கவில்லை என்பது ஒரு காரணமாகாது.

தங்கள் பாதுகாப்பிலிருந்து எங்களைத் தயவுசெய்து விடுவிக்கவும்.

இணைப்பு: ஒன்று.’

ஒருமுறை வாசித்தார். முப்பத்திரண்டு வருடத்தில் முதன்முறையாகப் பிரதி எடுக்கவில்லை. பத்திரத்தை மடிப்புக் குலையாமல் உள்ளே வைத்து, உறையின் வாயை நனைத்து ஒட்டி, கட்டைவிரல் நகத்தால் மூன்று முறை அழுத்தித் தேய்த்தார்.

பெண்டில் ஹில் தபாற்கந்தோரில் இருந்த பெண் உறையை நிறுத்துப் பார்த்தாள். யோர்க்‌ஷயரில் உள்ள தேவாலயம் ஒன்றின் முகவரியும், வடக்குச் சுவரோரம் பளிங்குக் கல்லறை என்ற குறிப்பும் அவளுக்கு வித்தியாசமாகப் படவில்லை. உள்ளே பெறுமதியான பொருள் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டாள். இல்லை என்றார். உறையைத் திருப்பிப் பார்த்துவிட்டு அவரிடமே நீட்டினாள். அனுப்புநர் முகவரி இல்லை. இல்லாமல் பதிவுத் தபால் எடுக்கமாட்டார்கள்.

மீரா முகைதீன் அந்த வெற்றிடத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். கிரவீன் முகவரியை எழுதினால் கடிதம் ஒருநாள் வீட்டுக்கு வரும், பாதுகாப்பும் கூடவே வரும். பின்னால் வரிசை நீண்டது. ஒருவர் பெருமூச்சு விட்டார்.

கயிற்றில் கட்டியிருந்த பேனையை எடுத்து, முத்து முத்தாக எழுதினார்: பாதுகாப்புக் கோரிக்கைகள் மறுநோக்குச் சபை, மூன்றாம் மாடி, நான்காம் இலக்க அறை, சன்னலோரக் கதிரை.

அந்தப் பெண் முத்திரை குத்தி, ரசீதைக் கிழித்து அவர் கையில் கொடுத்தாள். கடிதத்தைப் பின்னாலிருந்த கூடையில் போட்டாள்.